பஸீலாவின் நம்பர்

ஞாயிறு, காலை 7.10.

கே.கே. நகரில் சவரிராயன் வீட்டு முன்னறை. மேசையின் இரண்டாவது இழுப்பறையில் நான்கு உறைகள் இருந்தன. மூன்று புடைத்திருந்தன. நான்காவது தட்டையாக இருந்தது.

அந்த நான்காவது உறையின் மேல்தான் பஸீலா என்று எழுதியிருந்தது. பஸீலா அதைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். மஞ்சள் நிறக் கைப்பட்டை ஒன்று மேசையில் விழுந்தது. வேறெதுவும் விழவில்லை.

"சார், சாப்பாட்டுப் பட்டை இருக்கு. பிப்பைக் காணோமே?"

பிப் என்பது ஓட்டக்காரர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் தாள். பின்பக்கம் சின்னதாக ஒரு சிப் ஒட்டியிருக்கும். அது இல்லாதவரைத் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார்கள்.

சவரிராயன் இழுப்பறையை முழுதாக உருவித் தரையில் வைத்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அறுபத்தோரு வயது முழங்கால் சத்தம் போட்டது. பிப் இல்லை.

"நேத்து சாயங்காலம் நாலையும் நான்தான் எண்ணி வச்சேன்மா. இன்னிக்குக் காலையில பூசைக்குக் கிளம்புறப்பவும் பார்த்தேன். அப்ப மணி அஞ்சு நாப்பது."

"திரும்பி வந்தது?"

"ஏழு அஞ்சு."

பஸீலாவுடன் வந்திருந்த தேவதர்ஷினி கதவைப் போய்ப் பார்த்தாள். பூட்டு சரியாக இருந்தது. சாவி எப்போதும்போல மின் மீட்டர் பெட்டிக்குள் தொங்கியது. அது அங்கே தொங்கும் என்பது அவர்களுடைய ஓட்டக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். குழுவுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

பஸீலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தாறு வயது. பாலக்கரையில் வீடு. பதினான்கு மாதம் முன்பு ஸ்டேடியத்தில் நடக்க ஆரம்பித்தவர், நடையிலிருந்து ஓட்டத்துக்கு வந்து, முதல் தடவையாக ஒரு பந்தயத்தில் பெயர் கொடுத்திருந்தார். நேற்று அந்த பிப்பைக் கையில் வாங்கியபோது அவர் நம்பரைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்த தன் பெயரைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணப் பத்திரிகைக்கும் ரேஷன் கார்டுக்கும் பிறகு அவர் பெயர் அச்சில் வந்தது அதில்தான்.

"வேற பிப் தருவாங்களா சார்?"

தேவதர்ஷினி கைப்பேசியில் விதிமுறைகளைத் தேடிப் படித்தாள். "தொலைஞ்சா வேற கிடையாதாம்க்கா. குழுவுல ஒருத்தர் தன்னோட நம்பரை இன்னொருத்தர் பேருக்கு எழுதிக் குடுக்கலாம். புதன்கிழமை மதியம் வரைக்கும்தான். யாராவது விலகினா பிப்பைத் திருப்பிக் குடுக்கணும். அப்பதான் காத்திருக்கிறவங்களுக்கு இடம்."

பஸீலா மஞ்சள் பட்டையைத் திரும்ப உறைக்குள் போட்டார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் அலைத்தீவு என்ற தீம் பார்க்கில் வருடத்துக்கு ஒரு முறை ஓட்டம் வைக்கிறார்கள். இந்த வருடம் வரும் சனிக்கிழமை ஐந்து கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை பத்து. பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் முன், ராட்டினங்களுக்கும் சறுக்கல்களுக்கும் நடுவே ஓடலாம். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. திருச்சியின் இந்தச் சின்னக் குழுவுக்கு நான்கு இடம் கிடைத்திருந்தது. ஹாலித், அவர் மனைவி பஸீலா, தேவதர்ஷினி, ஸ்ரீரங்கத்து நவநீதன். சவரிராயன் ஓடமாட்டார். திட்டம் போடுவார், பிறகு சாப்பிடுவார்.

அவர் முப்பத்தைந்து வருடம் ரயில்வே கண்ட்ரோல் ஆபீசில் இருந்தவர். ரயில்களை ஒரு பெரிய தாளில் கோடுகளாக வரைந்து நடத்தும் வேலை. அந்தப் புத்தி போகாமல், மூன்று நாள் சுற்றுலாவையும் சார்ட்டாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். சனி மதியம் குடலைப் புரட்டும் ராட்டினம் எதுவும் கிடையாது. இரவுச் சாப்பாடு ஆறரைக்கே, பிரியாணி கூடாது. ஞாயிறு ஓட்டம் முடிந்து ஒன்பதரைக்குக் கப்பல் உணவகம், ஏழாம் மேசை, அப்போது பிரியாணி உண்டு. இந்தப் பிரியாணிக்காக ஹாலித் இரண்டு வாரம் வாதாடியிருந்தார். ஏழாம் மேசைக்கு நேர் எதிரே ஒரு பெரிய திரை. ஓடி முடித்தவர்களின் பெயரும் நேரமும் அதில் வரிசையாக வரும். ஹாலித் தம்பதியின் மகள் ஷஹனாஸ், மாமியார் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து அந்த மேசைக்கு வருகிறாள்.

சார்ட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பலகை. அதில் பத்து கிலோமீட்டருக்கு ஒவ்வொருவரின் சிறந்த நேரம். தேவதர்ஷினி 52.20. நவநீதன் 58.05. ஹாலித் 63.50. பஸீலா 61.35, போன புதன்கிழமை ஓடியது, சிவப்பு மை, பக்கத்தில் நட்சத்திரம். நட்சத்திரம் தேவதர்ஷினியின் கைவண்ணம்.

காலை 7.45.

ஹாலித் பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஐம்பத்தொரு வயது, ஆறடி உயரம். பல வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம்தான் ஒரேயடியாக ஊர் திரும்பியவர். அங்கே இருந்தபோதே ஓட ஆரம்பித்து ஆறு வருடமாகிறது. முந்நூறு நாளாக ஒரு நாளும் ஓட்டத்தை விட்டதில்லை என்று எல்லோரிடமும் சொல்வார்.

விஷயம் கேட்டதும் மனைவியின் தோளில் கை வைத்தார். "விடு பஸீலா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், இன்ஷா அல்லாஹ். எல்லாரோடவும் வந்து நல்லா சாப்பிட்டு, ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வா."

பஸீலா சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தார்.

"நவநீதனை எங்க காணோம்?" என்றார் சவரிராயன்.

"ஸ்ரீரங்கத்துலேர்ந்து வரணும்ல சார்" என்றாள் தேவதர்ஷினி. "வழியில கோபுரம் வேற இருக்கு. அண்ணா ஷூவைக் கழட்டி, சேவிச்சு, திரும்ப லேஸ் கட்டி வரணும். அவரோட ஓடினா என் சராசரியே கெட்டுப்போகுது."

அந்த நிலைமையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நவநீதன் வந்தார். நாற்பது வயது, சித்திரை வீதியில் மளிகைக் கடை. விஷயத்தைக் கேட்டு அவர் முகம் சுண்டிப்போனது.

போலீசுக்குப் போகலாமா என்று பேச்சு வந்தது. ஒரு தாள் காணவில்லை என்று போய் நின்றால் என்ன சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சவரிராயன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நானே கேக்குறேன். யாரும் தப்பா நினைக்காதீங்க. அஞ்சு நாப்பதுலேர்ந்து ஏழு அஞ்சு வரைக்கும் யார் யார் எங்க இருந்தீங்க?"

தேவதர்ஷினி முந்திக்கொண்டாள். "நானும் அக்காவும் ஸ்டேடியத்துல. அஞ்சரைலேர்ந்து ஆறே முக்கால் வரைக்கும். வாட்ச்மேன் பார்த்தார்."

"ஹாலித்?"

"வழக்கமான ரூட்டுதான் சார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிச்சு, காவிரிப் பாலம், ராஜகோபுரம் வரைக்கும் போய்த் திரும்பினேன். பத்து கிலோமீட்டர்."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு நாப்பதுக்கு ஸ்டார்ட். ஆறு நாப்பத்தஞ்சுக்கு முடிச்சேன். வாட்ச்ல பதிவாகியிருக்கு, பாருங்க."

"வழியில எங்கயாவது நின்னீங்களா? யாராவது பார்த்தாங்களா?"

"நான் ஆரம்பிச்சா நிக்கவே மாட்டேன் சார். தண்ணி குடிக்கக்கூட நிக்கிறதில்ல. இதைப் பார்த்துக்குங்க." அவர் கையை நீட்டினார். கடிகாரம் சத்திரத்திலிருந்து ராஜகோபுரம் வரை ஒரு நீலக்கோட்டைக் காட்டியது. மொத்தம் 64 நிமிடம் 52 விநாடி.

"முழுப் பதிவையும் எனக்கு அனுப்புங்களேன்."

"தாராளமா."

"நவநீதன்?"

"எனக்கு இன்னிக்கு ரெஸ்ட் சார். வாட்ச்கூடக் கட்டலை." நவநீதன் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

மிச்சம் இருந்தது மருதை. தொட்டியத்துக்காரர், வாழைக்காய் வியாபாரி, குழுவில் ஐந்தாவது ஓட்டக்காரர். காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. யாராவது விலகினால் நான்தான் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோர் மனதிலும் அவர் பெயர்தான் ஓடியது, வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

காலை 8.20.

சவரிராயன் போன் செய்தார்.

"மருதை, காலையில எங்க இருந்தீங்க?"

"தொட்டியத்துல சார். நாலு மணிலேர்ந்து தார் வெட்டி லாரியில ஏத்திக்கிட்டிருக்கோம். ஒம்பது ஆளு இருக்காங்க, பேசுறீங்களா? என்னாச்சு?"

சவரிராயன் விஷயத்தைச் சொன்னார். மருதை கேட்டார்: "என்னைச் சந்தேகப்படுறாங்களா சார்?"

"நான் படலை. அந்த பிப் காணாமப் போனா உங்களுக்கு இடம் கிடைக்காது. திருப்பிக் குடுத்தாத்தான் கிடைக்கும்."

"அந்த விதி எனக்கு நல்லாவே தெரியும் சார். தெனம் ரெண்டு தடவை படிக்கிறவன் நான்" என்றார் மருதை. குரலில் வருத்தம் இருந்தது.

திங்கள், காலை 10.00.

வீட்டில் யாரும் இல்லை. சவரிராயன் ஒரு டம்ளர் காப்பியோடு மேசை முன் உட்கார்ந்தார்.

அவரை உறுத்தியது மஞ்சள் பட்டைதான். உறைக்குள் இரண்டு பொருள் இருந்தன. அவசரத்தில் இருப்பவன் உறையோடு எடுத்துக்கொண்டு போயிருப்பான். வந்தவன் நின்று, உறையைப் பிரித்து, பிப்பை மட்டும் எடுத்து, பட்டையைத் திரும்ப உள்ளே போட்டிருக்கிறான். பஸீலா ஓடக்கூடாது, ஆனால் அலைத்தீவுக்கு வரவேண்டும், எல்லோரோடும் சாப்பிடவேண்டும் என்று நினைத்த கை அது. விரோதிக்கு இந்த அக்கறை எதற்கு?

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் உடனே வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காத பதிலுக்குச் சாட்சியும் இல்லை. ஹாலித்தின் கடிகாரம் அந்த நேரத்தில் காவிரிக்கு அக்கரையில் இருந்திருக்கிறது. கடிகாரம் பொய் சொல்லாது. எந்தக் கையில் இருந்தேன் என்பதை மட்டும் அது சொல்லாது.

அலமாரியிலிருந்து கட்டம் போட்ட தாளை எடுத்தார். குறுக்கே நேரம். கீழிருந்து மேலே இடங்கள்: சத்திரம், பாலத்தின் இந்த முனை, அந்த முனை, ராஜகோபுரம். ஹாலித் அனுப்பிய பதிவை நிமிடம் நிமிடமாகப் பார்த்துப் புள்ளி வைத்து, ரயிலுக்கு வரைவதுபோலவே வரைந்தார். கோடு சாய்வாக மேலே ஏறியது. 6.12க்கு ராஜகோபுரத்தைத் தொட்டது. அங்கே படுத்துக்கொண்டது.

நாற்பத்தெட்டு விநாடி. பிறகு இறங்க ஆரம்பித்தது.

திரும்பும் இடம்தானே, மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்று அவரே ஹாலித்துக்காக வாதாடிப் பார்த்தார். பிறகு குழுவினரின் ஓட்டங்கள் பதிவாகும் இணையப் பக்கத்தைத் திறந்து ஹாலித்தின் பழைய ஓட்டங்கள் இருபதை எடுத்தார். இருபதிலும் ராஜகோபுரத்தில் ஒரு விநாடி நிறுத்தம்கூட இல்லை. நிற்கவே மாட்டேன் என்று ஹாலித் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

பிறகு இன்னொருவரின் பழைய பதிவுகளைத் திறந்தார். காப்பி ஆறிப்போனது.

திங்கள், மாலை 4.30.

சித்திரை வீதியில் நவநீதனின் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை ராஜகோபுரத்துல பெருமாளைச் சேவிச்சீங்களா நவநீதன்?"

நவநீதன் ஒரு வாடிக்கையாளருக்குத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசுத் தட்டில் பருப்பு கொட்டிக்கொண்டே போனது, அவர் கவனிக்கவில்லை.

"சார்..."

"யாரோட வாட்ச்சைக் கட்டிக்கிட்டு?"

வாடிக்கையாளர் போன பிறகுதான் நவநீதன் வாய் திறந்தார். "சனிக்கிழமை சாயங்காலம் ஹாலித் பாய் வந்தார். காய்ச்சலா இருக்கு, முந்நூறு நாள் கணக்கு நாளையோட அறுந்துடும், எனக்காக ஒரு தடவை ஓடிடுங்க, மெதுவா ஓடுங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னார். போன மாசம் எனக்குக் கால் சுளுக்கினப்ப அவர்தான் என் வாட்ச்சைக் கட்டிக்கிட்டு ஓடினார். எப்படி மறுக்கிறது? ஆறே முக்காலுக்குச் சத்திரத்துல வந்து வாங்கிக்கிட்டார்."

"நேத்து அங்க நின்னப்ப ஏன் சொல்லலை?"

"வாட்ச் மாத்தி ஓடுறதே ஏமாத்து வேலை சார். அதை அத்தனை பேர் முன்னாடி... பெருமாள் சத்தியமா பிப் விஷயம் எனக்குத் தெரியாது. ராத்திரி பூரா தூக்கம் இல்ல."

"நாளைக்குக் காலையில வாங்க. நீங்களே சொல்லணும்."

செவ்வாய், காலை 10.30.

முன்னறையில் நான்கு பேர். ஹாலித்தும் பஸீலாவும் ஒரு பக்கம். நவநீதன் கதவோரம். சவரிராயன் மேசைக்குப் பின்னால்.

ஹாலித்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிடலாமா என்று இரவு முழுக்க யோசித்திருந்தார். கடைசியில் வேண்டாம் என்று முடிவு செய்தார். பொருளைப் பறிகொடுத்தவர் பஸீலா. அவருக்குத் தெரியாமல் ஆண்கள் இருவர் பேசித் தீர்த்துக்கொண்டால் அது இரண்டாவது திருட்டு என்று சவரிராயனுக்குப் பட்டது.

"எங்க கண்ட்ரோல் ஆபீஸ்ல ஒரு பழக்கம்" என்று ஆரம்பித்தார். "எந்த ரயில் எங்க நின்னாலும் ஏன் நின்னதுன்னு சார்ட்டுல எழுதணும். காரணம் தெரியாத நிறுத்தத்தை அப்படியே விடமாட்டோம். இந்தக் கோட்டைப் பாருங்க. ஞாயித்துக்கிழமை உங்க ஓட்டம், ஹாலித். ராஜகோபுரத்துல நாப்பத்தெட்டு விநாடி நின்னிருக்கு. நீங்க நிக்கிறதில்லைன்னு சொன்னீங்க. உங்க பழைய ஓட்டம் இருபதுலயும் நீங்க நிக்கலை."

ஹாலித் தாளைப் பார்த்தார். தன் பெயரில் இருந்த பதிவை அவர் அதுவரை பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

"இது நவநீதனோட பதினோரு ஓட்டம், போன மாசம் நீங்க அவருக்காக ஓடினது இதுல இல்ல. ஒவ்வொண்ணுலயும் அதே இடத்துல நிறுத்தம். நாப்பத்தாறு, அம்பது, நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்பது. ரெண்டு ஷூவையும் கழட்டி, வெறுங்காலோட நின்னு சேவிச்சு, திரும்ப லேஸ் கட்டுற நேரம். உங்க வாட்ச் காவிரியைத் தாண்டிப் போச்சு. நீங்க போகலை. நீங்க இந்த அறைக்கு வந்தீங்க."

நவநீதன் தலை குனிந்தபடி, "உண்மைதான் பாய். நான் சொல்லிட்டேன். அங்க போய் நின்னா என்னால கும்பிடாம வர முடியாது" என்றார்.

ஹாலித் மறுக்கவில்லை. பெரிய உருவம் நாற்காலியில் சிறுத்துப்போனது.

பஸீலா கணவரைப் பார்க்காமல் கேட்டார். "பிப் எங்கங்க?"

"உய்யக்கொண்டான் வாய்க்கால்ல விட்டுட்டேன்."

"அதுல என் பேரு இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால்கூட ஹாலித்துக்கு அவ்வளவு வலித்திருக்காது. நவநீதன் வெளியே போகலாமா என்பதுபோல் பார்த்தார். சவரிராயன் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"போன புதன்கிழமை அந்தப் பலகையில உன் நேரத்தைப் பார்த்தேன்" என்றார் ஹாலித். "ஆறு வருஷமா ஓடுறேன், அறுபத்து மூணுக்குக் கீழ ஒரு தடவைகூட வந்ததில்ல. நீ ஒண்ணே கால் வருஷத்துல வந்துட்டே. சந்தோஷமாத்தான் இருந்துச்சு பஸீலா. அல்லாஹ் அறிவான். வீட்டுக்குப் போனப்புறம்தான் அந்தத் திரை ஞாபகம் வந்துச்சு. சம்பந்தி வீட்டுக்காரங்க உக்காந்திருப்பாங்க. உன் பேரு முதல்ல வரும். அப்புறம் அவங்க என் பேரு எப்ப வரும்னு பார்த்துக்கிட்டிருப்பாங்க. அதை நினைச்சு நாலு நாள் சோறு இறங்கலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ மெதுவா ஓடியிருப்பே. அதுவும் எனக்கு வேண்டாம்."

பஸீலா முதல் முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தார். நிஜம்தான் என்று அவருக்கும் பட்டது. ஹாலித் கேட்டிருந்தால் அவர் கட்டாயம் மெதுவாக ஓடியிருப்பார், ஏன் என்று கேட்காமலே. அதை நினைத்தபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. கணவர் மேல் பாதி, தன் மேல் பாதி.

ஹாலித் இழுப்பறையிலிருந்த தன் உறையைப் பிரித்து, பிப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "சார், நாளைக்கு மதியம் வரைக்கும் டைம் இருக்குல்ல? இதை அவ பேருக்கு மாத்த எங்க கையெழுத்துப் போடணும்?"

சவரிராயன் படிவத்தை நகர்த்தினார். அதை அவர் காலையிலேயே எடுத்து வைத்திருந்தார். ஹாலித் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, எழுந்தார்.

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வரலை. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க வர்றது?"

"நீங்க வரணும்" என்றார் பஸீலா.

"எதுக்கு?"

"நான் ஓடி முடிக்கிற இடத்துல யாராவது நிக்க வேணாமா?" பஸீலாவின் குரல் இப்போதுதான் உடைந்தது. "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஃபிளைட் வரும். பத்தொன்பது வருஷம் ஏர்போர்ட் வாசல்ல, கையில புள்ளையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க எப்ப வெளியே வருவீங்கன்னு நின்னிருக்கேன். ஒரு மணி நேரம், எனக்காக நீங்க நில்லுங்க."

ஹாலித் சரியென்று தலையாட்டினார்.